மெய்நிகர் இயந்திரங்களில் வட்டு உள்ளீடு வெளியீட்டு வேகம்: தமிழ்த் தரவுப் பணிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பழைய எழுத்துருக்களில் அமைந்த தமிழ்க் கோப்புகளைத் திறப்பதற்கும், இலக்கிய, கல்வெட்டுத் தரவகங்களை அட்டவணைப்படுத்துவதற்கும் மெய்நிகர் இயந்திரங்கள் பயன்படுகின்றன. இவ்வியந்திரங்களில் வட்டிலிருந்து படிப்பதும் வட்டில் எழுதுவதும் தாமதமாவது பொதுவான குறை. இதைக் களையக் கூறப்படும் பரிந்துரைகள் இரு வகையின. ஒரு வகை வேலையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுகிறது. மற்றொரு வகை, எழுதிய தரவு நிலைத்திருக்கும் என்ற உறுதியைத் தளர்த்தி வேகத்தைக் கூட்டுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாது பின்பற்றுவது, மின்தடை வழக்கமாக உள்ள ஊர்களில் பணிபுரியும் ஆய்வாளருக்குப் பேரிழப்பைத் தரக்கூடும். இவ்வேறுபாட்டை வட்டின் இயக்கம், இடைச்சேமிப்பு முறைகள், படிமக் கோப்பின் அமைப்பு ஆகியவற்றின் வழியே இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் இயந்திரம், வட்டு உள்ளீடு வெளியீடு, இடைச்சேமிப்பு, தரவு நிலைபேறு, தமிழ்த் தரவகம்.

முன்னுரை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரில், வீட்டு மேசைக் கணினி ஒன்றில் இக்கட்டுரையாளர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்கான தரவகத்தை உருவாக்கி வருகிறார். 1937இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் திருவண்ணாமலைக் கோயில் கல்வெட்டுகள் பல இடம்பெற்றுள்ளன. அப்பக்கங்களை ஒளிவருடி, எழுத்துணரி நிரலால் உரையாக மாற்றி, மெய்ப்புத் திருத்தி, சொல்லடைவாக்குவது பணி. இதற்கு லினக்ஸ் நிறுவிய மெய்நிகர் இயந்திரம் ஒன்றும், முந்தைய ஆய்வாளர் விட்டுச்சென்ற பழைய எழுத்துருக் கோப்புகளைத் திறக்க விண்டோஸ் எக்ஸ்பி நிறுவிய மெய்நிகர் இயந்திரம் ஒன்றும் பயன்படுகின்றன.

ஆய்வின் இரண்டாம் ஆண்டில், ஐப்பசி மழை பெய்த ஒரு மாலையில், மின்சாரம் நின்றது. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை முன்னரே அறிவிக்கப்படும். மழைக்கால மின்தடைக்கு முன்னறிவிப்பு இல்லை. அதற்கு முந்தைய வாரத்தில்தான், வேகம் கூடும் என்ற பரிந்துரையை நம்பி, மெய்நிகர் வட்டின் அமைப்பில் ஒரே ஒரு சொல்லைக் கட்டுரையாளர் மாற்றியிருந்தார். வேகமும் உண்மையிலேயே கூடியிருந்தது. மின்சாரம் திரும்பியபின் லினக்ஸ் இயந்திரம் எழவே இல்லை. பதினொரு நாள் மெய்ப்புத் திருத்தம் போயிற்று. காப்புப்படி எடுக்காதது கட்டுரையாளரின் பிழையே. அதில் வேறு யாரையும் குறை கூற இடமில்லை. ஆனால் மின்சாரம் நின்ற நொடியில் எழுதிக்கொண்டிருந்தவை மட்டும் போகாமல், முன்னரே எழுதி முடித்தவையும் ஏன் சிதைந்தன என்ற வினா எஞ்சியது. அவ்வினாவுக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ஒரு கோரிக்கை கடக்கும் வழி

ஒரு கணினியைப் பல கணினிகளாகத் தோன்றச் செய்யும் எண்ணம் புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் தன் 370 வரிசைக் கணினிகளுக்கான வி.எம்./370 இயங்குதளத்தை 1972இல் அறிவித்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் நிறுவப்பட்ட 370/155 கணினியும் அந்த வரிசையைச் சேர்ந்ததே. மெய்நிகராக்கத்துக்கு ஒரு கணினிக் கட்டமைப்பு எவ்வாறு இருக்கவேண்டும் என்பதைப் போபெக், கோல்டுபர்க் ஆகிய இருவரும் 1974இல் இலக்கணமாக வரையறுத்தனர். மேசைக் கணினிகளுக்கு இவ்வசதி 1999இல் வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் வழியே வந்தது. 2005இல் இன்டெல் தன் செயலிகளிலேயே இதற்கான துணையைச் சேர்த்தது. லினக்ஸ் கருவில் கே.வி.எம். என்னும் பகுதி 2007இல் 2.6.20 பதிப்போடு இணைந்தது. அதனுடன் சேர்ந்து இயங்கும் கியூஎமு மென்பொருளே மெய்நிகர் வட்டு முதலிய கருவிகளை உருவாக்கித் தருகிறது. இக்கட்டுரை பெரும்பாலும் இவ்விணையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

மெய்யான கணினியை விருந்தோம்பி என்றும், அதனுள் இயங்கும் மெய்நிகர் இயந்திரத்தின் இயங்குதளத்தை விருந்தினர் என்றும் குறிப்பது வழக்கம். விருந்தினருக்குள் இயங்கும் ஒரு நிரல் ஒரு வரியை எழுதச் சொல்லும்போது, அக்கோரிக்கை முதலில் விருந்தினரின் கோப்பு முறைமைக்குச் செல்கிறது. அங்குள்ள இடைச்சேமிப்பில், அதாவது கேஷ் எனப்படும் நினைவகப் பகுதியில், சற்றுத் தங்குகிறது. பின் விருந்தினரின் வட்டு இயக்கி அதை மெய்நிகர் வட்டிடம் ஒப்படைக்கிறது. இங்குச் செயலி விருந்தினரை நிறுத்திவிட்டு விருந்தோம்பிக்கு மாறுகிறது. விருந்தினரின் வட்டு என்பது விருந்தோம்பியில் பெரும்பாலும் ஒரு கோப்பே. ஆதலால் அக்கோரிக்கை மீண்டும் ஒரு கோப்பு முறைமை, மீண்டும் ஓர் இடைச்சேமிப்பு, மீண்டும் ஒரு வரிசை ஆகியவற்றைக் கடந்து மெய்யான வட்டை அடைகிறது. செய்தது ஒரே வேலை, கணக்கெழுதியது இருவர்.

செயலியின் மாற்றத்துக்கு ஆகும் செலவை வி.எம்.வேர் நிறுவனத்தின் சுகர்மன், வெங்கிடாசலம், லிம் ஆகிய மூவர் 2001இல் வலைப்பின்னல் கருவியை முன்வைத்து விரிவாக ஆராய்ந்தனர். கருவியின் வேகத்தைவிட, உலகங்களுக்கிடையே மாறி மாறிச் செல்வதே செலவாகிறது என்பது அவர்கள் காட்டிய உண்மை. வட்டுக்கு இது அப்படியே பொருந்துமா என்பது எந்த வட்டு என்பதைப் பொறுத்தது.

அளவா, எண்ணிக்கையா

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்வட்டு ஒருமுறை சுழல 8.33 மில்லிநொடி ஆகும். வேண்டிய இடம் தலையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிநொடி, காத்திருக்கவேண்டும். தலை தடம் மாற ஏறத்தாழ 8 மில்லிநொடி எனக் கொண்டால், சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துணுக்கையும் எடுக்க 12 மில்லிநொடி செலவாகும். நொடிக்கு எண்பது துணுக்குகளுக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. செயலி உலகம் மாறுவதற்கோ சில மைக்ரோநொடிகளே போதும். ஆகவே சுழலும் வட்டில் அம்மாற்றத்தின் செலவு கடலில் கரைத்த பெருங்காயம். நகரும் உறுப்பற்ற திண்மநிலை வட்டுகளில், குறிப்பாக என்.வி.எம்.இ. வகையில், ஒரு கோரிக்கையே சில பத்து மைக்ரோநொடிகளில் முடிவதால் அதே செலவு பெரிதாகத் தெரியும். ஒருவருக்குப் பெரும்பயன் தந்த மாற்றம் மற்றவருக்கு எதுவுமே தராமல் போவதற்கு இதுவே காரணம். தம் வட்டின் இயல்பை அறியாமல் பிறர் தரும் பரிந்துரைகளைப் பின்பற்றுவது வீண் வேலை.

தமிழாய்வாளரிடையே ஒரு கருத்து நிலவுகிறது. ஒருங்குறியின் யூ.டி.எஃப்.-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுப்பதால், ஒரு பைட் எடுத்த பழைய குறியேற்றங்களைவிடப் பணி மும்மடங்கு மெதுவாகிறது என்பது அது. கணக்கிட்டுப் பார்த்தால் இதில் வலுவில்லை. நூறு மெகாபைட் உரை தொடர்ச்சியாக ஒரே கோப்பில் இருந்தால், சுழலும் வட்டேகூட அதை ஒரு நொடி அளவில் படித்துவிடும். அதே உரை 10,000 சிறு கோப்புகளாகச் சிதறியிருந்தால், கோப்புக்கு ஒரு தலைநகர்வு என்று வைத்தாலும் 120 நொடி ஆகும். மிகையாவது பைட்டுகளின் அளவன்று, கோரிக்கைகளின் எண்ணிக்கை.

எழுதும்போது இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. சொல்லடைவுக்கு எளிய தரவுத்தளமாகிய எஸ்க்யூலைட்டைப் பலரும் நாடுவர். அதில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் முடியும்போது, தரவு வட்டை மெய்யாகவே அடைந்ததா என்று உறுதி செய்துகொண்ட பின்னரே நிரல் மேலே செல்லும். 7200 சுழற்சி வட்டில் நொடிக்கு ஏறத்தாழ 60 பரிவர்த்தனைகளே இயலும் என்று அதன் ஆவணம் கூறுகிறது. ஒரு லட்சம் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆயிரம் சொற்களை ஒரு பரிவர்த்தனையாகக் கட்டினால் நூறு பரிவர்த்தனைகளே மிஞ்சும். அவற்றுக்குரிய வட்டுக் காத்திருப்பு இரண்டு நொடியில் முடியும். மெய்நிகர் இயந்திரத்தின் அமைப்பு எதையும் தொடாமல், நிரலில் இரண்டு வரி சேர்த்துப் பெறக்கூடிய இப்பயனை வேறெந்தப் பரிந்துரையும் எளிதில் எட்டாது. கட்டுரையாளர் இதை முதலிலேயே அறிந்திருந்தால் அந்த ஒரு சொல்லை மாற்றும் தேவையே எழுந்திராது.

‘எழுதியாயிற்று’ என்னும் விடை

வட்டில் எழுதுவது தாமதமாகும் ஆதலால், எல்லா இயங்குதளங்களும் எழுத்துகளை முதலில் நினைவகத்தில் ஏற்றுக்கொண்டு ‘எழுதியாயிற்று’ என்று விடை தருகின்றன. லினக்ஸ் கருவின் இயல்பமைப்பில், இவ்வாறு தேங்கிய பக்கம் 30 நொடி கடந்தபின்பே கட்டாயமாக வட்டுக்கு அனுப்பப்படும் தகுதி பெறுகிறது. அவ்வளவு நேரம் காத்திருக்க விரும்பாத நிரல் எஃப்சிங்க் என்ற அழைப்பைச் செய்யும். அதைப் பெற்ற கோப்பு முறைமை தேங்கியவற்றை அனுப்பி, வட்டுக்கும் ஃபிளஷ் என்ற கட்டளையை இடும். வட்டுக்கே சொந்தமாக ஒரு சிறு இடைச்சேமிப்பு இருப்பதால் அதையும் காலிசெய்யச் சொல்லும் கட்டளை அது.

தரவுத்தளங்களும் கோப்பு முறைமைகளும் இந்த ஃபிளஷ் கட்டளையை வரிசை காக்கும் கருவியாகக் கொண்டுள்ளன. நாட்குறிப்பேடு வைத்திருக்கும் எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமை, தன் கட்டமைப்பில் செய்யவிருக்கும் மாற்றத்தை முதலில் குறிப்பேட்டில் எழுதும். அது வட்டை அடைந்ததை ஃபிளஷ் மூலம் உறுதி செய்தபின் ‘ஒப்புக்கொண்டேன்’ என்ற முத்திரையை எழுதும். அதன்பின்னரே உரிய இடத்தில் மாற்றம் செய்யும். பத்திரம் எழுதி, சாட்சிக் கையொப்பம் பெற்று, பிறகே நிலத்தை ஒப்படைப்பதற்கு இணையான ஒழுங்கு இது. இவ்வொழுங்கு நிலவும்வரை, எந்த நொடியில் மின்சாரம் நின்றாலும் குறிப்பேட்டைப் பார்த்து நிலைமையைச் சீர்செய்துவிடலாம்.

இனி மெய்நிகர் வட்டுக்கு வருவோம். கியூஎமு ஐந்து இடைச்சேமிப்பு முறைகளைத் தருகிறது. இயல்பாக அமைவது ரைட்பேக். இதில் எழுத்துகள் விருந்தோம்பியின் நினைவகத்தில் தங்கும். விருந்தினர் ஃபிளஷ் அனுப்பினால் அது விருந்தோம்பியின் எஃப்சிங்க் வகை அழைப்பாக மாறி வட்டுவரை செல்லும். நன் என்னும் முறையில் விருந்தோம்பியின் இடைச்சேமிப்பு தவிர்க்கப்படும். ஒரே தரவு இரு நினைவகங்களிலும் இடம்பிடிக்கும் வீண்செலவு இல்லை. ஃபிளஷ் இங்கும் மதிக்கப்படும். ரைட்த்ரூ, டைரக்ட்சிங்க் இரண்டும் ஒவ்வொரு எழுத்தையும் உடனுக்குடன் வட்டில் சேர்ப்பவை. ஃபிளஷ் அனுப்பவே தெரியாத பழைய விருந்தினருக்கு இவை ஏற்றவை; ஏனையோருக்குத் தேவையற்ற தாமதம். ஐந்தாவது அன்சேஃப். இதில் விருந்தினரின் ஃபிளஷ் கட்டளை வாங்கிக்கொள்ளப்பட்டு, எதுவும் செய்யப்படாமலே ‘ஆயிற்று’ என்ற விடை தரப்படும். பெயரிலேயே பாதுகாப்பின்மையைச் சொல்லிவிட்ட நேர்மை இம்முறைக்கு உண்டு. வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளின் பயனர் கையேடும், ஐ.டி.இ., சாட்டா வட்டுகளுக்கு விருந்தினர் அனுப்பும் ஃபிளஷ் கட்டளைகள் வேகத்துக்காக இயல்பாகப் புறக்கணிக்கப்படுகின்றன என்றும், வேண்டுவோர் தனி அமைப்பின் மூலம் அவற்றை இயக்கிக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. கையேட்டின் பிற்பகுதியிலுள்ள இச்செய்தியை எத்தனை பேர் படித்திருப்பர் என்பது ஐயமே.

முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு இங்கே விடை கிடைக்கிறது. ஃபிளஷ் புறக்கணிக்கப்பட்டால் கடைசி 30 நொடித் தரவு மட்டுமே போகும் என்று எண்ணுவது தவறு. விருந்தோம்பி தன் நினைவகத்தில் தேங்கிய பக்கங்களைத் தனக்கு வசதியான வரிசையில் வட்டுக்கு அனுப்பும். விருந்தினர் கேட்ட வரிசை அதற்குத் தெரியாது. நிலத்தை ஒப்படைத்த மாற்றம் முதலிலும், பத்திரம் பின்னரும் செல்லக்கூடும். இடையில் மின்சாரம் நின்றால், குறிப்பேடு ஒன்றைச் சொல்லும், கோப்பு முறைமையின் அட்டவணை வேறொன்றைச் சொல்லும். அட்டவணை சிதைந்தால், பல நாள்களுக்கு முன் ஒழுங்காக எழுதப்பட்டு வட்டில் அப்படியே கிடக்கும் கோப்புக்கும் போய்ச்சேர வழி இருக்காது. பதினொரு நாள் பணி மறைந்தது இவ்வாறே.

இதனால் அன்சேஃப் முறையே கூடாது என்பதில்லை. புதிய இயங்குதளத்தை நிறுவும் ஒரு மணி நேரத்திலும், அழிந்தால் மீண்டும் உருவாக்கிக்கொள்ளக்கூடிய இடைநிலைக் கோப்புகளுக்கும் அது பொருத்தமானது. எழுத்துணரி நிரல் உமிழும் கரட்டு உரைக்கு அதைப் பயன்படுத்தலாம். மனிதக் கண் பார்த்துத் திருத்திய உரைக்கு ஆகாது.

எக்ஸ்பியும் 63ஆம் பிரிவும்

ஒருங்குறிக்கு முந்தைய தமிழ்க் கோப்புகள் இன்னும் ஏராளம். 1999இல் தமிழக அரசு டாம், டாப் ஆகிய குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. திஸ்கி தனியே வழங்கியது. இவற்றில் சேராத தனி எழுத்துருக்களும் பல. இவற்றைத் தட்டச்சு செய்த மென்பொருள்கள் சில, புதிய விண்டோஸ் பதிப்புகளில் இயங்குவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான துணையை நிறுத்திவிட்டதால், அதை வலையிணைப்பு இல்லாத மெய்நிகர் இயந்திரத்தில் வைத்திருப்பதே பாதுகாப்பான வழி.

எக்ஸ்பி வட்டைப் பகுக்கும்போது முதல் பகுதியை 63ஆம் பிரிவிலிருந்து தொடங்கும். பிரிவுக்கு 512 பைட் என்ற கணக்கில் அது 32,256ஆம் பைட். இன்றைய வட்டுகள் பலவும் உள்ளே 4096 பைட் அலகிலேயே எழுதுகின்றன. 32,256ஐ 4096ஆல் வகுத்தால் 7.875 வரும்; முழு எண் வராது. ஆகவே விருந்தினர் 4096 பைட் கொண்ட ஒரு தொகுதியை எழுதும் ஒவ்வொரு முறையும், அது மெய்யான வட்டில் இரண்டு அலகுகளின்மேல் குறுக்காக விழும். வட்டு அவ்விரண்டையும் படித்து, பாதியை மாற்றி, இரண்டையும் திரும்ப எழுதவேண்டும். கோடிட்ட தாளில் கோட்டின்மீதே எழுதிச் செல்வது போன்றது இது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முதல் பகுதி ஒரு மெபிபைட்டில், அதாவது 2048ஆம் பிரிவில், தொடங்குவதால் இச்சிக்கல் இல்லை. தீர்வும் எளிது: எக்ஸ்பியை நிறுவுவதற்கு முன் புதிய லினக்ஸ் நிறுவட்டு ஒன்றால் இயந்திரத்தைத் தொடங்கி, 2048ஆம் பிரிவிலிருந்து தொடங்குமாறு பகுதியை உருவாக்கிவிட்டால் எக்ஸ்பி அதை ஏற்றுக்கொள்ளும். இது முதல் வகைத் தீர்வு. வேலைதான் குறைகிறது, எந்த உறுதியும் தளரவில்லை.

படிமக் கோப்பின் உள்ளமைப்பு

விருந்தினரின் வட்டாக விளங்கும் கோப்பு இரு வடிவங்களில் அமையலாம். ரா வடிவத்தில் விருந்தினரின் நூறாவது பைட் கோப்பின் நூறாவது பைட்டாகவே இருக்கும். கியூகௌ2 வடிவத்தில் 64 கிபிபைட் கொத்துகளாகத் தரவு சேமிக்கப்பட்டு, எந்தக் கொத்து எங்குள்ளது என்பதற்கு அட்டவணை இருக்கும். பயன்படுத்திய அளவுக்கே இடம் பிடிப்பதும், நிலைப்படம் எடுத்துப் பின்னர் அந்நிலைக்குத் திரும்ப முடிவதும் இதன் நன்மைகள்.

அட்டவணையில் கொத்துக்கு 8 பைட் என்பதால், 40 கிபிபைட் வட்டின் அட்டவணை முழுவதும் 5 மெபிபைட்டில் அடங்கும். அது நினைவகத்தில் இருந்தால் தேடும் செலவு அற்பம். பழைய கியூஎமு பதிப்புகளில் இதற்கு ஒதுக்கிய இடம் ஒரு மெபிபைட் அளவே, அதாவது 8 கிபிபைட் வட்டுக்குப் போதுமானதே, ஆதலால் பெரிய வட்டுகளில் ஒவ்வொரு படிப்புக்கும் முன் அட்டவணைக்காக ஒரு படிப்பு நேர்ந்தது. 3.1 பதிப்பிலிருந்து லினக்ஸில் இயல்பு வரம்பு 32 மெபிபைட்டாக உயர்ந்தது. 256 கிபிபைட் வட்டுவரை கவலையில்லை. பழைய கணினியில் பழைய பதிப்பை வைத்திருப்போர் மட்டும் இதைக் கவனிக்கவேண்டும்.

நிலைப்படத்தின் விலை வேறு. நிலைப்படம் எடுத்தபின் ஒரு கொத்தில் முதன்முறையாக 4 கிபிபைட் எழுதினால், பழைய கொத்தைக் கெடுக்கக் கூடாதாகையால், மீதி 60 கிபிபைட்டையும் படித்துப் புதிய இடத்தில் நகலெடுக்க வேண்டியுள்ளது. நிலைப்படத்தைக் காப்புப்படி என்று கருதி மாதக்கணக்கில் அடுக்கிக்கொண்டே செல்வோர் உண்டு. அது வேகத்தையும் குறைக்கும், காப்பாகவும் அமையாது. எல்லா அடுக்குகளும் இருப்பது ஒரே வட்டில்தானே.

இயக்கியும் வரிசையும்

விருந்தினருக்கு ஐ.டி.இ. வட்டைப் போலியாகக் காட்டினால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் பல பதிவகங்களில் தனித்தனியே எழுதவேண்டும். ஒவ்வோர் எழுத்தும் ஓர் உலக மாற்றம். மேலும் ஒரு கோரிக்கை முடிந்தபின்பே அடுத்ததை அனுப்ப இயலும். ரஸ்டி ரஸ்ஸல் 2008இல் முன்வைத்த விர்ட்ஐஓ முறையில், தான் மெய்நிகர் இயந்திரத்தில் இருப்பதை விருந்தினர் அறிந்தே செயல்படுகிறது. இருவரும் பகிரும் நினைவக வளையத்தில் பல கோரிக்கைகளை இட்டு, ஒருமுறை மணியடித்தால் போதும். லினக்ஸ் விருந்தினரில் இதற்கான இயக்கி முன்னரே உண்டு; விண்டோஸ் விருந்தினரில் தனியே நிறுவவேண்டும். இதுவும் வேலையைக் குறைக்கும் வகையே. விருந்தோம்பி பக்கத்தில் 2019இல் லினக்ஸ் 5.1 பதிப்பில் வந்த ஐஓ-யூரிங் முறையைக் கியூஎமு 5.0 பதிப்பிலிருந்து பயன்படுத்துகிறது. என்.வி.எம்.இ. வட்டு இருந்தால் பயன்படுத்திப் பார்க்கலாம். சுழலும் வட்டில் இதனால் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்கவேண்டாம்.

அளத்தல்

அளவிடாமல் அமைப்பை மாற்றுவது நோயறியாமல் மருந்து தருவதாகும். லினக்ஸில் எஃப்.ஐ.ஓ. என்ற கருவி இதற்கு ஏற்றது. விருந்தினரின் இடைச்சேமிப்பைத் தவிர்க்குமாறு பணித்து, 4 கிபிபைட் அளவில், ஒவ்வோர் எழுத்துக்கும் பின் எஃப்சிங்க் செய்யுமாறு இயக்கவேண்டும். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்து நேரம் பார்ப்பது நினைவகத்தின் வேகத்தைக் காட்டுமேயன்றி வட்டின் வேகத்தைக் காட்டாது.

இவ்வளவீட்டில், நிலைபேறு பற்றிய ஒரு சோதனையும் அடங்கியிருக்கிறது. 7200 சுழற்சி வட்டு நொடிக்கு 120 முறையே சுழல்கிறது. அவ்வட்டின்மேல் இயங்கும் விருந்தினரில் எஃப்சிங்க் எண்ணிக்கை நொடிக்குச் சில பத்துகளாகவோ நூறை ஒட்டியோ இருந்தால் அது நம்பத்தக்கது. ஆயிரக்கணக்கில் வந்தால், வழியில் யாரோ எழுதாமலே ‘எழுதியாயிற்று’ என்று சொல்கின்றனர் என்று பொருள். கட்டுரையாளரைப் போன்று அவ்வெண்ணைக் கண்டு மகிழ்ந்தவர்கள், மகிழ்ச்சியை நிறுத்தி அமைப்பைப் பார்ப்பது நல்லது. திண்மநிலை வட்டுகளுக்கு இச்சோதனை பொருந்தாது. நிறுவனத் தரத்தில் அமைந்த சிலவற்றில் மின்சாரம் நின்றபின்னும் இடைச்சேமிப்பைக் காலிசெய்ய மின்தேக்கிகள் இருப்பதால், அவை மெய்யாகவே விரைவாக விடை தரும்.

கீழ்பென்னாத்தூர் ஏற்பாடு

இப்போதைய ஏற்பாட்டில் ஒரு லினக்ஸ் விருந்தினருக்கு மூன்று மெய்நிகர் வட்டுகள். இயங்குதளம் கியூகௌ2 வடிவத்தில் உள்ளது. அது அழிந்தால் அரை மணியில் மீண்டும் நிறுவிவிடலாம். ஒளிவருடிய பக்கங்கள் தனி வட்டில். 300 புள்ளி நுணுக்கத்தில் ஓர் ஏ4 பக்கம் சுருக்கப்படாத நிலையில் 26 மெகாபைட் ஆகும். பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாகப் படிப்பதே அங்குள்ள பணி என்பதால் எந்த அமைப்பிலும் அது விரைவாகவே நடக்கும். மெய்ப்புத் திருத்திய உரையும் சொல்லடைவுத் தரவுத்தளமும் ரா வடிவில், இடம் முழுவதும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட மூன்றாவது வட்டில், நன் முறையில். மூன்றுக்கும் விர்ட்ஐஓ. தரவுத்தளத்தில் சேர்ப்பது ஆயிரம் ஆயிரமாக. நாளின் இறுதியில் மூன்றாவது வட்டின் உள்ளடக்கம் மட்டும் வெளி வட்டு ஒன்றுக்கு நகலாகிறது.

தடையிலா மின்வழங்கி ஒன்றும் உண்டு. ஆனால் மின்கலம் தளர்ந்த மின்வழங்கி இருப்பதும் இல்லாததும் ஒன்றே. அது தளர்ந்ததைத் தெரிவிப்பதும் பெரும்பாலும் முதல் மின்தடைதான். மேசைக் கணினியைவிட, மின்கலம் நல்ல நிலையிலுள்ள பழைய மடிக்கணினியே இவ்வூரில் தரவுப் பணிக்கு ஏற்றது என்பது கட்டுரையாளரின் கருத்து. 5400 சுழற்சி வட்டு உடையதாயினும் அவ்வாறே.

ஏற்பாட்டை நம்புவதற்கு முன், வேண்டாத பழைய வட்டு ஒன்றில் விருந்தினரின் நகலை வைத்து, சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரிலுள்ள சொடுக்கியை அணைத்துப் பார்க்கலாம். மெய்நிகர் இயந்திரத்தை மட்டும் வலிந்து நிறுத்துவது இதற்கு ஈடாகாது. விருந்தோம்பி உயிரோடிருக்கும்வரை அதன் நினைவகத்தில் தேங்கியவை எப்படியும் வட்டைச் சேர்ந்துவிடும், குறை வெளிப்படாது. அணைத்து மீண்டும் தொடங்கியபின், தரவுத்தளத்தின் முழுமைச் சோதனைக் கட்டளையை இயக்கி, கடைசியாக ஒப்புக்கொண்டதாகத் திரையில் தெரிந்த சொல் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அச்சொல்லின் எண்ணை வேறொரு கணினியிலோ தாளிலோ குறித்து வைத்திருப்பது அவசியம். கட்டுரையாளர் அதைக் கரும்பலகைச் சுண்ணக்கட்டியால் அலமாரிக் கதவில் எழுதி வைக்கிறார்.